வாயாடியின் தாடை

ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில் அந்தச் சின்ன ஊருக்கு இருந்த ஒரே பெரிய வேலைத்தலம் தீக்குச்சி ஆலை. அங்கே அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். வாசல் காவல்காரனிலிருந்து முதலாளிவரைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் காதுபடச் சொன்னவர்கள் பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொண்டும் போனார்கள். புருஷன் வண்டிக்காரன். குடைசாய்ந்த பாரவண்டி அவனைக் கொண்டுபோனபோது கையில் மூன்று பெண்கள். கடைக்குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை. "அழுதுக்கிட்டே உட்கார்ந்தா அடுப்பு தானா எரியுமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுவாரமே வேலைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குக் கிடைத்தது முக்குகிற கூடம். சன்னலே இல்லாத நீளக் கொட்டகை அது. நடுவில் சூடேற்றிய இரும்புத் தட்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்த மருந்து கூழாகக் கிடக்கும். சட்டத்தில் செருகிய குச்சிகளின் நுனியை அதில் ஒற்றி எடுத்துக் காயப்போட வேண்டும். காலை முதல் விளக்கு வைக்கும்வரை அதே வேலை. மத்தியானம் அதே பலகையில், அந்தக் கையோடேயே சாப்பாடு. புகை பூண்டு வாடை அடிக்கும். பதினோரு வருஷம் அவள் அதைத்தான் மூச்சாக இழுத்தாள்.

மூத்தவளுக்குப் பதினைந்து முடிந்ததும் அவளையும் ஆலையில் சேர்த்தாள். ஆனால் பெட்டியில் அடைக்கிற பக்கத்தில். முக்குகிற கூடத்து வாசலை மகள் மிதிக்கவே கூடாது என்று மேஸ்திரியோடு மல்லுக்கு நின்றுதான் சேர்த்தாள். ஏன் என்று மகளுக்கு அப்போது தெரியாது. அந்தக் கூடத்துப் பெண்கள் பல்லைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது மட்டும் தெரியும். பல் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் மேஸ்திரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

அம்மாவுக்குக் கீழ்க்கடைவாயில் வலி வந்தது ஒரு மழைக்காலத்தில். ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். சொல்லப்போனால், கடிக்கக்கூட முடியாமல்தான் பொறுத்தாள். கன்னம் வீங்கியதும் வைத்தியர் பல்லைப் பிடுங்கினார். குழி ஆறவில்லை. சீழ் வைத்தது. பக்கத்துப் பல் தானாகக் கழன்றது. அப்புறம் தாடையெலும்பே சிம்பு சிம்பாக உதிரத் தொடங்கி, கன்னத்தில் ஓட்டை விழுந்தது. வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அந்த நாற்றம். தங்கைகள் இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். அம்மா திட்டவில்லை. "காத்தாட சாப்பிடுங்க" என்று தானே கதவைத் திறந்துவிட்டாள்.

ஒருநாள் மேஸ்திரி வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நிலைப்படியிலேயே நின்றார்.

"முதலாளி நல்ல மனசுக்காரர். பாதிக் கூலி வீட்டுக்கே வந்துடும். ஒண்ணே ஒண்ணுதான், நீ தெருவில நடமாடக் கூடாது. போயே ஆகணும்னா முகத்தைத் துணியால மூடிக்கணும். பார்க்கிறவங்க பயப்படுறாங்க."

"பயப்படட்டுமே," என்றாள் அம்மா. "பயப்பட வேண்டிய விஷயம்தானே?"

"உன்னை மாதிரி ஆன மத்தவங்க எல்லாம் ஒத்துக்கிட்டாங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சுபோச்சு."

"அவங்களுக்கு வாயில்லை. எனக்குப் பாதி மிச்சம் இருக்கு. போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை கூடையை எடுத்துக்கொண்டு திறந்த முகத்தோடு சந்தைக்குப் போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். காய்க்காரி தராசைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மா அவசரப்படவில்லை, ஒவ்வொரு கத்தரிக்காயாகத் திருப்பிப் பார்த்து, சொத்தையை ஒதுக்கி, பேரம் பேசி வாங்கினாள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

மகளால் தாங்க முடியவில்லை. "ஒரு துணியைச் சுத்திக்கிட்டா என்னம்மா குறைஞ்சுபோகுது? ஊரே நம்மளைப் பத்தித்தான் பேசுது."

"பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என் வாயை மூடத்தான் அவங்க துணி தேடுறாங்க."

"எனக்கு வெட்கமா இருக்கும்மா."

 "உனக்கு எதுக்குடி வெட்கம்?" என்றாள் அம்மா. "இதை நானா செஞ்சுக்கிட்டேன்?"

 அதன்பிறகு ஒரு மாதம், அம்மா நடக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிச் சுற்றி மகள் ஆலைக்குப் போனாள். அதற்குள் அம்மாவின் பேச்சும் குழறிவிட்டது. கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது. அவள் என்ன சொல்கிறாள் என்று மூத்தவளைத் தவிர யாருக்கும் விளங்கவில்லை.

ஆலைக்கு ஆள் எடுக்கிற நாள் வந்தது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் இருபத்தைந்து பேர் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அம்மா ஒரு முக்காலியைத் தூக்கி வந்து அவர்களுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியையும் பார்த்து என்னவோ சொன்னாள். புரியவில்லை, ஆனால் யாராலும் பார்வையை எடுக்கவும் முடியவில்லை. வரிசையின் வால் மெல்லக் கலைய ஆரம்பித்தது.

முதலாளியே இறங்கி வந்தார். "இந்தம்மா என்ன சொல்லுது?"

பெட்டியடைக்கும் கூடத்துச் சன்னலில் மகள் நின்றிருந்தாள். "போகாதடி, வேலை போயிடும்," என்று பக்கத்துப் பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே காவல்காரன் ஒரு சாக்கை விரித்து அம்மாவின் தலைமேல் போர்த்தப் போனான். அதைப் பார்த்ததும் மகள் கையை உதறினாள். படி இறங்கியது நினைவில்லை. சாக்கைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் எதிரே நிற்பது முதலாளி என்று உறைத்தது.

"அம்மா சொல்றதை நான் சொல்றேன்," என்றாள்.

அம்மா குழறினாள். மகள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வேலை உடம்புக்குக் கெடுதல்னு சொல்றாங்க" என்றாள். சட்டென்று அம்மா அவள் கையில் கிள்ளினாள். நான் அப்படியா சொன்னேன் என்று கண் கேட்டது.

மகள் திருத்திச் சொன்னாள். "'உன் மகளை ஒரு வருஷம் அந்தத் தட்டு முன்னாடி நிக்க வை, அப்புறம் நான் முகத்தை மூடிக்கிறேன்'னு சொல்றாங்க."

முதலாளியின் முகம் சிவந்தது. "இது பல்நோய். வைத்தியரே எழுதிக் கொடுத்திருக்கார்."

அம்மா இந்தமுறை நீளமாகப் பேசினாள். மகளும் எதையும் விடவில்லை. "'முக்குற கூடத்துக்கு மட்டும் வழி தெரிஞ்ச நோயா அது? உன் கணக்குப்பிள்ளை பல்லு ஏன் விழலை? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மூஞ்சியைப் பாரு'ன்னு சொல்றாங்க."

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அம்மாவின் நல்ல கன்னமும் சிரித்தது. அன்றைக்கு வரிசையில் மிஞ்சியது ஆறு பேர். மகளுக்கு அந்த இடத்திலேயே வேலை போயிற்று. முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி, சுற்றுத்தெரு பக்கம் திரும்பாமல் கடைவீதி வழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா அதற்குமேல் ஐந்து வாரம் இருந்தாள். கடைசி மூன்று நாள் காய்ச்சல் அனலாய்க் காய்ந்தது. ஒரு மத்தியானம் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது மகளின் மணிக்கட்டைப் பிடித்து, "சின்னவ செருப்பு தைக்கக் கொடுத்தோமே, வாங்கிட்டியா?" என்று கேட்டாள். வாங்கிவிட்டதாக மகள் சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. சாயங்காலத்துக்குள் மூச்சும் நின்றது.

அடக்கம் முடிந்த மறுநாள் மூத்தவள் நகரமன்ற அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா பதிவேட்டைப் பிரித்து, பேனாவை மையில் தோய்த்தார்.

"காய்ச்சல்னு போட்டுடறேன்."

"வேண்டாங்க. தீக்குச்சி மருந்துன்னு எழுதுங்க."

"அப்படி ஒரு வியாதியே கிடையாதும்மா. வைத்தியர் சீட்டுலயும் காய்ச்சல்னுதான் இருக்கு. இதோ பாரு, ஆலையில முக்குற வேலை செஞ்சவங்க இதுக்கு முன்னாடி எட்டுப் பேர். எல்லாருக்கும் காய்ச்சல்தான்."

"எட்டுப் பேரையும் எனக்குத் தெரியும். அதுல ஒருத்திக்காவது முழுத் தாடை இருந்துச்சான்னு குழி வெட்டினவரைக் கேளுங்க."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. நகரு."

"எழுதுங்க, நகர்றேன்."

அவள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார், அவள் நகரவில்லை. கடைசியில், பேரன் பிறந்ததைப் பதிய வந்திருந்த இறைச்சிக்கடைக்காரர் பொறுமை இழந்து சத்தம் போட்டார்.

"எழுதித் தொலையுமேய்யா! ஊரே பார்த்த முகம் அது. காய்ச்சல் வந்தா கன்னத்துல ஓட்டை விழுமா?"

'ஆமா', 'ஆமா' என்று வரிசையிலிருந்து இன்னும் இரண்டு குரல். குமாஸ்தா சுற்றிலும் பார்த்தார். வேண்டாவெறுப்பாகப் பேனாவை எடுத்தார்.

"படிச்சுக் காட்டுங்க," என்றாள் அவள்.

"தீக்குச்சி ஆலை மருந்தால் தாடை அழுகி மரணம்."

"இன்னொரு தடவை."

படித்தார்.

ஆலை அதனால் மூடிவிடவில்லை. முதலாளி முக்குகிற கூடத்தில் நான்கு சன்னல் வைத்தார். கை கழுவத் தொட்டி கட்டினார். வெள்ளை மருந்தை மட்டும் விடவில்லை. ஆனால் அடுத்துச் செத்த இரண்டு பெண்களின் வீட்டாரும் அதே மேசைக்கு வந்து, அதே வரியைக் கேட்டு எழுதி வாங்கினார்கள். மூத்தவள் சலவைக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். தங்கைகள் இருவரும் வளர்ந்தார்கள். ஒருத்தியும் ஆலை வாசலுக்கு வேலை கேட்டுப் போகவில்லை.