குமுதாவின் கித்தான்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதை இல்லை. கண்காட்சிக் கையேட்டுக்கு ஓவியர் குமுதாவைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். பாதியில் அவர் கணவர் பரமேஸ்வரன் வாயைத் திறந்தார், கட்டுரை கெட்டுக் கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "பண்டமாரானில், துறைமுகத்தின் அருகே, தனிமையை மட்டுமே துணையாகக் கொண்டு வரைந்த குமுதா…"

படித்துக் காட்டினேன்.

"தனிமையா? எங்க வீட்லயா தம்பி? எப்பவும் கூட்டம் லா. கொஞ்சம் தனியா விட்டிருந்தா இன்னும் நாலு படம் போட்டிருப்பேன்" என்றார் குமுதா அக்கா.

அடித்துவிட்டேன். (மேலே இன்னும் இருக்கிறதே என்கிறீர்களா? அழகான வாக்கியம், விட மனமில்லை.)

3

அக்காவின் படங்களில் உருவங்கள் இருக்காது. கண்டெய்னர் சிவப்பு, துரு, சேற்றின் சாம்பல் நிறம், அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் வரைந்தவருக்கு இப்போதுதான் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் முதல் தனிக் கண்காட்சி. நடுச்சுவர் முழுவதும் 'மழைக்கு முன்' என்ற ஒரே படத்துக்கு. ஓவியத் துணி வாங்க வசதியில்லாத நாளில், கணவரின் லோரியில் சரக்கு மூடும் கித்தானில் வரைந்தது. அவர் வரைந்ததிலேயே பெரியது.

திறப்பு விழா தைப்பூசத்தன்று மாலை. காலை வரை படத்தைக் காணவில்லை.

4

பரமேஸ்வரன் அண்ணன் நம்பும்படியான பாத்திரம் இல்லை, எனக்கே தெரிகிறது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு ஐஸ் கட்டி எடுக்க வீட்டுக்கு வந்தவர், நானும் அக்காவும் அலமாரியைப் புரட்டுவதைப் பார்த்தார்.

"அந்தக் கித்தானா? அது பத்துமலையில இருக்கு. வருசா வருசம் நம்ம தண்ணிப் பந்தலுக்கு அதானே கூரை! நீ பெயின்ட் அடிச்சதால ஒரு சொட்டு ஒழுகாது லா."

பெருமையாக வேறு சொன்னார்.*

* அக்காவுக்கு எப்படித் தெரியாமல் போனது? தைப்பூசத்தன்றுதான் வீடு காலியாகும். அவர் வரைய உட்கார்ந்துவிடுவார். பந்தலை எட்டிப் பார்த்ததே இல்லை.

5

போனோம். வண்ணம் பூசிய பக்கம் கீழ்நோக்கி இருந்தது. வெயில் அதன் வழியே இறங்கி எல்லோர் முகத்திலும் நிறம் தடவியிருந்தது. மோர் குடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் அக்காவுக்கு இடம் விட்டார்.

"உக்காருங்க அக்கா. வெயில்ல நடந்து வந்து நாங்க எப்பவும் இங்கதான் உக்காருவோம். மேல பாருங்க, மழை வரப்போற மாதிரியே இருக்கும்."

அந்தப் படத்தின் பெயரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது கண்காட்சியை நடத்தும் விஷ்ணுப்ரியாவின் போன். "ஆன்டி, கிடைச்சிருச்சா? சுவரு காலியா நிக்குது!"

6

முடிவுகள் கைவசம் இரண்டு.

(அ) கித்தானை அவிழ்த்துச் சுவரில் மாட்டுகிறோம். அந்த அம்மாள் வெயிலில் நிற்கிறார்.

(ஆ) சுவரைக் காலியாக விட்டு ஓர் அட்டை வைக்கிறோம்: "படம் பத்துமலையில். மோரும் உண்டு."

எதை எழுதட்டும் என்று அக்காவைக் கேட்டேன். அவர் பந்தலுக்கு அடியில் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். "அந்த மூலையில இன்னும் கொஞ்சம் நீலம் வேணும் தம்பி" என்றார், கண்ணை எடுக்காமல்.

பரமேஸ்வரன் அண்ணன் ஏணி மேல் நிற்கிறார், கயிற்று முடிச்சில் கை வைத்தபடி.

"பாஸ், அவுக்கவா, வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க லா, கை வலிக்குது."

அவர் என்னைக் கேட்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறார்.