எழுதிக் கொடுத்தவர் கையொப்பம்

மூன்றாவது வரியில் அடைக்கலமேரியின் குரல் நின்றுபோயிற்று.

கடிதம் அவளுக்கு வந்ததல்ல. எதிர் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சவேரியம்மாளுக்கு வந்தது. எழுதியவன் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் மாப்பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமைதான் மாதா கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்திருந்தார்கள். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். ஆட்சேபம் என்று யாரும் சாமியாரிடம் போய்ச் சொல்லாவிட்டால் கல்யாணம்.

"என்ன டீச்சரம்மா, வண்டி நின்னுபோச்சு?" என்றார் சவேரியின் அப்பா செபமாலை. "இங்கிலீசு ரொம்பக் கடுசோ?"

"எழுத்து கொஞ்சம் தெளிவா இல்லைங்க."

பொய். அச்சு மாதிரி எழுத்து. ஒவ்வொரு 'டி'க்கும் தலையில் கொக்கி போடும் எழுத்து. மடிப்பைப் பிரித்ததுமே அவளுக்குத் திக்கென்றது. ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதுவார்கள் என்று மனத்தை அடக்கிக்கொண்டு இரண்டு வரி வாசித்தாள். மூன்றாவது வரி அந்தச் சமாதானத்தை உடைத்துவிட்டது.

விராலிமலைக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். தந்தி, நோட்டீஸ், மிலிட்டரிக்காரன் கடிதம், எது வந்தாலும் மாலை நாலரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடும். பழைய டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டாள். அடைக்கலமேரி வந்து நான்கே நாள். அவள் புதுக்கோட்டையை விட்டு வந்தது கடிதம் எழுதியவனுக்குத் தெரியாது. கொஞ்சம் நிலைகொண்டபின் எழுதலாம் என்று இருந்துவிட்டாள்.

"படிங்க, படிங்க. பொண்ணு முகத்தைப் பாருங்க, பழுத்துப்போச்சு" என்றார் செபமாலை.

"சும்மா இருங்கப்பா" என்றாள் சவேரி, தலை நிமிராமல்.

அடைக்கலமேரி வகுப்பில் பாடம் நடத்தும் குரலை வரவழைத்துக்கொண்டாள். "ஐ ஆம் வாக்கிங் ஆன் ஏர். காத்துல நடக்கிற மாதிரி இருக்காம். அவ்வளவு சந்தோஷமாம்."

"காத்துலயா! அப்ப கல்யாணத்துக்குப் பஸ்ஸு வேண்டாம்னு சொல்லுங்க."

"ஓவர் ஹெட் அண்ட் இயர்ஸ். தலைக்கும் காதுக்கும் மேல, அன்புல முங்கிப்போனாராம்."

"முங்கிட்டாராமா? நீச்சல் தெரியாதுன்னு அவுக அண்ணன் அன்னைக்கே சொன்னாரு!" செபமாலை தொடையைத் தட்டிச் சிரித்தார். "இதையே தமிழ்ல எழுதியிருந்தா, நான் நடுவீட்டுல வச்சுப் படிக்க முடியுமா டீச்சரம்மா? மானம் போயிருக்கும். இங்கிலீசுன்னா கௌரவமா இருக்கு பாருங்க."

இதே பேச்சை அடைக்கலமேரியே ஒரு காலத்தில் பேசியிருக்கிறாள்.

போன வருஷம், அறுபத்தொன்றில், ஜனத்தொகைக் கணக்கெடுப்பு. டீச்சர்கள் வீடு வீடாகப் போய் எழுத வேண்டும். அந்தத் தாள்களை வாங்கிச் சரிபார்க்க வந்த குமாஸ்தா குழந்தைசாமி. குளத்தூர்க்காரன். மூன்று மாதத்தில் கடிதப் போக்குவரத்து. 'உன்னை விரும்புகிறேன்' என்று தமிழில் எழுதப் போனால் அவளுக்குப் பேனா நகராது. இங்கிலீஷில் எழுதினால் யாரோ எழுதுவதுபோல் துணிச்சல் வந்துவிடும். காற்றில் நடந்தாள். காதுக்கு மேல் முங்கினாள். பதினெட்டுக் கடிதம். அவன் பதில் நாலு வரிக்கு மேல் இருக்காது. 'உன்னைப்போல எழுத எனக்கு வராது. படித்ததும் என் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. உனக்குத்தான் வேலைக்கு ஆபத்து' என்பான். அவளும் கிழித்தாள், தன்மேல் எவ்வளவு அக்கறை என்று பூரித்துக்கொண்டே.

அவளுடைய பதினெட்டும் அவனிடம் பத்திரமாக இருந்திருக்கின்றன, சவேரிக்குப் பார்த்து எழுத.

"அடுத்த வரி?" இந்த முறை தலையை நிமிர்த்திக் கேட்டது சவேரி.

யோசிக்காமல் வாசித்துவிட்டாள் அடைக்கலமேரி. "மை ஹார்ட் இஸ் ஃபுல் டு தி ப்ரிம். என் மனசு விளிம்பு வரைக்கும் நிரம்பியிருக்கு, கார்த்திகை மாசத்துக் குடுமியான்மலைக் கம்மாய் மாதிரி."

வாயை மூடியபிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கம்மாயையாவது விட்டுவிட்டு வாசித்திருக்கலாம்.

"குடுமியான்மலைக் கம்மாயா?" செபமாலை காதைக் குடைந்தார். "அவரு அங்கிட்டு எப்பப் போனாரு? சரி, மாப்பிள்ளைக்கு நாலு ஊரு தெரியுது. நல்லதுதானே! நாமளும் சளைச்சவுக இல்லேன்னு காட்டணும் டீச்சரம்மா. ஒரு பதில் இங்கிலீசுலயே எழுதிக் குடுங்க. நான் போய்க் கவரு வாங்கிட்டு வாரேன். அஞ்சு மணி பஸ்ஸுல தபால் போயிரும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடைக்கலமேரி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 'என்றும் உன், குழந்தைசாமி.' 'என்றும் உன்' என்பதுகூட அவள் தன் கடிதங்களில் போட்டதுதான்.

என்ன செய்வது? சாமியாரிடம் போய் ஆட்சேபம் சொல்லலாம். என்ன அத்தாட்சி என்பார். அவளிடம் ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது. அவனிடம் பதினெட்டு இருக்கிறது. ஒன்றை எடுத்துப் பள்ளி மேனேஜர் மேஜைமேல் வைத்தால் போதும். கல்யாணமாகாத டீச்சர், ஆண்பிள்ளைக்குக் காதல் கடிதம். மறுநாளே வேலை போய்விடும். பேரும் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிற்கும். இந்தப் பெண் திருட்டு வார்த்தைக்கு வாழ்க்கைப்படுவாள்.

"டீச்சர்."

நிமிர்ந்தாள். சவேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வெட்கம் ஏதும் இல்லை.

"அவுக ஊரு குளத்தூரு. அங்க இல்லாத கம்மாயா? எங்க வீட்டுக் கொல்லையிலயே ஒரு கம்மாய் கெடக்கு. அதை விட்டுட்டுக் குடுமியான்மலைக்கு எதுக்குப் போனாக?"

"தெரியலையே."

"ஒங்களுக்கு எந்த ஊரு டீச்சர்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போய்விட்டது.

"குடுமியான்மலை."

சவேரி மெதுவாகச் சொன்னாள். "நீங்க படிக்கலை டீச்சர். மனப்பாடமா ஒப்பிச்சீங்க. அந்தக் கம்மாய் வரி வந்தப்ப ஒங்க கண்ணு காகிதத்துலயே இல்லை."

அடைக்கலமேரி கடிதத்தை மடித்து மேஜைமேல் சவேரி பக்கமாக வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம்."

"எங்க வீட்டுல பேசி முடிச்சு அஞ்சு மாசம் ஆச்சு." சவேரி விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று சிரித்தாள். அழுகையைவிட மோசமாக இருந்தது அது. "கெட்டிக்காரரு! ஒரே சோத்தை ரெண்டு எலையில பரிமாறியிருக்காரு. இப்ப ஒங்களுக்கு எப்படி இருக்கு டீச்சர்? இதுக்கும் இங்கிலீசுல ஏதாவது இருக்கா?"

"இருக்கும். எனக்கு வரலை. தமிழ்லயே வயிறு எரியுது."

சவேரி கடிதத்தை மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளினாள். "இது ஒங்களது. எனக்கு வந்தது வெறும் கவருதான்."

"ஓலை வாசிச்சிட்டாங்களே சவேரி."

"ஒரு ஓலைதானே? நாளைக்குக் காலையில பூசை முடிஞ்சதும் சாமியார்ட்ட போறேன். எனக்குச் சம்மதமில்லைன்னு பொண்ணே சொன்னா, ரெண்டாவது ஓலை எப்படி வாசிப்பாரு? அப்பா குதிப்பாரு. குதிக்கட்டும். ஒங்க பேரை எடுக்க மாட்டேன்."

வாசலில் செருப்புச் சத்தம். செபமாலை கவருடன் வந்து நின்றார். "எழுதியாச்சா?"

"சொல்றேன், எழுதுங்க டீச்சர்" என்றாள் சவேரி. "ஒங்க கடுதாசி வந்துச்சு. வரிக்கு வரி விளங்கிச்சு. கம்மாய் யாரு ஊரு கம்மாய்னும் தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

"என்னாத்தா, பொசுக்குன்னு முடிச்சிட்டே?" என்றார் அப்பா.

"போதும்பா. அவுகளுக்குப் புரியும்."

அடைக்கலமேரி எழுதினாள். மூன்று வரி. அலங்காரம் ஏதும் போடவில்லை. கடைசியில் பேனா நின்றது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனுவோ கடிதமோ எழுதினால், எழுதிக் கொடுத்தவர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கெடுப்பு நாட்களில் ஒவ்வொரு தாளிலும் அந்த இடத்தைத் தேடித் தேடிச் சரிபார்த்தவன் குழந்தைசாமி. 'கையொப்பம் இல்லாட்டி செல்லாது மிஸ்' என்று முதல் தடவை அவன் பேசியதே அதுதான்.

"டீச்சர், வேண்டாம்" என்றாள் சவேரி தாழ்ந்த குரலில். "ஒங்களை அவரு சும்மா விடமாட்டாரு."

பதினெட்டுக் கடிதங்கள். மேனேஜரின் மேஜை. அடைக்கலமேரிக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. கீழே கோடு போட்டாள். 'படித்துச் சொல்லி, எழுதிக் கொடுத்தவர்: எஸ். அடைக்கலமேரி, ஆசிரியை.' ஊர்ப் பேரையும் தேதியையும் தெளிவாகப் போட்டாள்.

செபமாலை கவரை நாக்கால் நனைத்து அழுத்தி ஒட்டினார். "மாப்பிள்ளை பிரிச்சதும் அசந்துபோகணும்!" என்றபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.