காயாத பன்னிரண்டு பெயர்கள்

ஷிகோவ் நகரத்து மக்கள் பூங்காவில், மேற்கு வாசலை ஒட்டிய கல்தளத்தில், ஓவியர் ஃபான் மூகெங் வெறும் தண்ணீரால் எழுதிய பன்னிரண்டு பெயர்கள் ஒன்பது வருஷமாகக் காயவில்லை. ஏழாம் மாதத்து வெயிலில் பக்கத்துக் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது. பெயர்கள் மட்டும் இப்போதுதான் எழுதியதுபோல மினுங்கும். பனிக்காலத்தில் உறைந்து, கண்ணாடிக் கம்பியாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும்.

தண்ணீரில் எழுதுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை, கண்ணுகளா. வேலை ஓய்ந்தவர்கள் காலையில் பூங்காவுக்கு வந்து, பழைய சோபா ஸ்பாஞ்சை வெட்டிக் குடைக்கம்பியில் கட்டி, வாளியில் தோய்த்துத் தரையில் கவிதை எழுதுவார்கள். கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி காய்ந்துவிடும். ஃபான் நிலக்கரிச் சுரங்கத்துக் கலாசார மன்றத்தில் முழக்கப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். பிறகு தன் இஷ்டத்துக்குச் சுரங்கத்து ஆட்களின் முகங்களை வரைய ஆரம்பித்தார். முதல் கண்காட்சியை மின்கோளாறு என்று இரண்டாம் நாளே மூடினார்கள். அடுத்த கண்காட்சிக்குத் தண்ணீர்க்குழாய் உடைந்தது. மூன்றாவதற்கு முன் படங்களையும் வண்ணங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சியது தண்ணீர்தான்.

அந்த வருஷம் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. செத்தவர்கள் முப்பதைத் தொட்டால் தலைநகரிலிருந்து விசாரணைக்கு ஆள் வரும். அதனால் இருபத்தொன்பது பேர் செத்தார்கள். மற்ற பன்னிரண்டு பேர் தெற்கே குவாங்தொங்குக்கு வேலைக்குப் போய்விட்டதாக எழுதி, குடும்பங்களிடம் கைநாட்டு வாங்கினார்கள். அதில் ஏழாவது பெயர் தெங் ஷுங்குவாய். ஃபானின் மனைவி சியூலானுக்கு ஒரே தம்பி. அந்தத் தாளில் கைநாட்டு வைத்ததற்காகப் பெற்ற தாயிடமே ஒரு மாதம் பேசாமல் இருந்தாள் சியூலான்.

மூன்று நிமிஷம் அந்தப் பெயர்கள் வெளிச்சத்தில் இருந்தால் போதும் என்றுதான் ஃபான் எழுதினார். மத்தியானம் வரை காயாததைப் பார்த்து அவரே பயந்துபோனார். மாலையில் காவல் நிலையத்திலிருந்து தேநீர் குடிக்க வரச்சொல்லி ஆள் வந்தது. பல் துலக்கும் பிரஷையும் கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போனார். அந்தத் தேநீர் ஆற எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

பூங்கா அலுவலகம் மின்விசிறி வைத்தது. மணல் கொட்டியது, மணல் பெயர்களின் வடிவில் நனைந்தது. கல்லைப் பெயர்த்துப் புதுக்கல் பதித்தார்கள். சிமென்ட் இறுகுமுன் பெயர்கள் மேலே வந்துவிட்டன. ஈரம் எந்தத் துறையின் பொறுப்பு என்று இரண்டு கூட்டம் நடந்தது.

சியூலான் வாராவாரம் நிலையத்துக்குப் போனாள். அவள் உணவகத்தில் நூடுல்ஸ் பரிமாறிய காலத்திலிருந்தே சின்ன லியாவ் என்ற அதிகாரிக்கு அவளைத் தெரியும்.

"எழுத்து காஞ்சா அனுப்பிடுவோம்க்கா. அவரை வச்சுக்கிட்டு நாங்க என்ன மாவா பிசையப் போறோம்?"

அன்றிலிருந்து துண்டும் கையுமாகப் பூங்காவில் முழங்கால் போட்டாள். ஆறு பெயர்களை ஒரே மூச்சில் துடைப்பாள்; ஏழாவதில் கை நின்றுவிடும். "கொஞ்சம் பொறுத்துக்கடா" என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் துடைப்பாள். துண்டைப் பிழிந்தால் கரித்தண்ணீர் வரும். அங்கே கூட்டமாக நடனமாடும் பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். "உம் புருஷன் எழுத்து, அவன் சட்டையால தொடைச்சாத்தான் கேக்கும் போல" என்றாள் ஒருத்தி. அதையும் செய்து பார்த்தாள். அதன்பின் அவர்கள் பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

மூன்று வருஷம் போயிற்று. மாகாணத்திலிருந்து பெரிய ஆள் வருவதால் ஃபானின் வழக்குக் கோப்பை முடித்தாக வேண்டும். எழுத்துகள் முற்றிலும் காய்ந்துவிட்டதாக இப்பகுதிவாசி உறுதி கூறும் தாளோடு லியாவ் பூங்காவுக்கே வந்தான்.

"இன்னும் காயலியே, லியாவ்."

"எனக்குத் தெரியாதாக்கா? என் பூட்ஸே நனைஞ்சு கெடக்கு. கைநாட்டு வச்சுக் குடுங்க, நாளைக்கு உங்க கையால சாப்பிடுவாரு."

சிவப்பு மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான். ஏழாவது பெயரின் மேல் நின்றபடியே சியூலான் பெருவிரலை அழுத்தினாள். அன்று மாலை தாய் வீட்டுக்குப் போய், தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ஃபான் வந்தார். இளைத்திருந்தார், பேச்சில் குறையில்லை. அவளே அவரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு காலையும் பெயர்கள்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையைப் பார்த்தார்.

"சுத்தமா காஞ்சுபோச்சே" என்றார்.

சொல்லிக்கொடுத்துச் சொன்னது இல்லை, கண்ணுகளா. அவர் கண்ணுக்கு அது காய்ந்துதான் இருந்தது.

"ஆமாங்க. காத்து அடிக்குதில்ல" என்றாள் சியூலான்.

ஊரும் பழகிக்கொண்டது. கோப்பின்படி காய்ந்த இடம் என்பதால் அங்கே வழுக்கும் என்று பலகை வைக்க முடியாது. வருஷத்துக்கு நாலைந்து பேர் சறுக்கி விழுந்து, காய்ந்த தரையில் விழுந்ததாக மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஃபான் தினமும் காலையில் அந்த வழியாகவே நடக்கிறார். திரும்பி வந்து அவர் கழற்றும் துணிக்காலணி கறுத்து நனைந்திருக்கும். சியூலான் அன்றைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, சன்னலோர வெப்பக்குழாய்மேல் வைக்கிறாள். விடிந்து எடுக்கும்போது தாள் ஊறிக் கூழாகியிருக்கும், ஓர் எழுத்தும் தெரியாது. காலணி காய்ந்திருக்கும். அவர் போட்டுக்கொண்டு கிளம்புவார்.