தோள் சொன்ன அளவு

எங்கள் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வாய் தவறியும் சொல்ல மாட்டார்கள். கனம். சொன்னவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். முதுகு அழுத்தினால் "கொஞ்சம் பிடி" என்பார்கள். முதுகே பிடித்துக்கொண்டால் "ராத்திரி தூக்கம் சரியில்ல" என்பார்கள். அப்பா அப்படிச் சொல்லிச் சொல்லியே செத்தார். அவருக்குப் பிறகு அண்ணன் மேஸ்திரி ஆனான். நானும் அவன் கூட்டத்தில் தூக்கினவள்தான்.

அந்தக் கூட்டம்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எனக்குக் கேமரா வாங்கித் தருவதாகச் சொன்னது. உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்துக்குக் கால்பந்துப் படம் எடுக்கிற வேலை எனக்குக் கிடைக்கும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். நல்ல படம் கொடுத்தால் தொடர்ந்து வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் மூட்டை என்று ஆசிரியர் நேராகவே சொல்லிவிட்டார். போன ஆட்டத்துக்கு இரவல் கேமரா கொண்டுபோயிருந்தேன். கோல் விழுந்த நேரத்தில் என் கேமரா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. பராக்குப் பார்த்துவிட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் வலது தோள் மூட்டு நழுவி, கை தானாக இறங்கிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்ல வார்த்தை கிடையாதே.

சனிக்கிழமை மதியம் வேலை ஓய்ந்ததும் அண்ணனும் ஆட்களும் சிமெண்ட் தூசியோடு கேமரா கடைக்கு வந்துவிட்டார்கள். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, நாற்காலி மட்டும் போடவில்லை. கண்ணாடி மேசைமேல் மூன்று மிரர்லெஸ் கேமராக்களை எடுத்து வைத்தார். மூடியைக் கழற்றி உள்ளே மின்னுகிற சென்சாரைக் காட்டினார். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய கேமராவில் அது பெரிய தபால்தலை மாதிரி இருந்தது. கடைசிக் கேமராவில் கட்டைவிரல் நகம் அளவுதான். நடுவில் இருந்தது ரெண்டுக்கும் நடுவாந்தரம். சென்சார் பெரிதாக இருந்தால் வெளிச்சத்தை நிறைய வாங்கும், மங்கிய நேரத்திலும் படம் சுத்தமாக வரும் என்று விளக்கினார். அவர் சொன்னதில் அண்ணன் காதில் விழுந்தது "பெரிசு" மட்டும்தான்.

அவன் மூன்றையும் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தான். அரிசி மூட்டையை அப்படித்தான் பார்ப்பான். எங்கள் ஆட்களுக்குப் பொருள் நல்ல பொருளா என்று தெரிய வேறு வழி கிடையாது. சுத்தியல் வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் கையில் பிடித்து எடை பார்ப்பார்கள். மொட்டை என்று நாங்கள் கூப்பிடுகிறவர் சின்னதை எடுத்து, இதில் சோப்பு வைக்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இதான்," என்று அண்ணன் ஃபுல் ஃப்ரேமை என் பக்கம் தள்ளினான்.

நான் லென்ஸ் மாட்டச் சொன்னேன். கேமரா உடம்பில் என்ன பெரிய வித்தியாசம்? லென்ஸில்தான் சங்கதி இருக்கிறது. மைதானத்து ஓரத்தில் நின்று எதிர்ப்பக்கத்து கோலைப் பக்கத்தில் இழுக்க வேண்டும் என்றால் ஃபுல் ஃப்ரேமுக்கு என் முன்னங்கை நீளத்துக்கு லென்ஸ் வேண்டும். சின்ன சென்சாருக்கு ஒரு செம்பு அளவு லென்ஸ் போதும், அதே தூரத்தை அதுவும் இழுத்துக் கொடுக்கும். கடைக்காரர் ரெண்டையும் மாட்டிக் கொடுத்தார்.

பெரியதைத் தூக்கி எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடைப் பலகையைக் குறிபார்த்தேன். இறக்காமல் அப்படியே நின்றேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பலகையின் எழுத்துகள் ஆட ஆரம்பித்தன. தோளுக்குள் எதுவோ கிழிகிற மாதிரி சூடு ஏறியது. பழக்கமில்லை, பழகிவிடும் என்று அண்ணன் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கேமராவை மேசையில் வைத்தேன்.

"கனமா இருக்கு."

மொட்டை, "டீ சொல்லவா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "சிமெண்ட் மூட்டை தூக்கினவ நீ. இது கனமா உனக்கு?"

"தூக்கினதாலதான் கனம். தோள் போயிடுச்சு. போன ஆட்டத்துல நான் பராக்குப் பாக்கல, கை இறங்கிடுச்சு. எனக்குச் சின்னதுதான் வேணும்."

"நம்ம வீட்டு ஆளு தூக்க முடியலன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தினம் காலையில நீ சட்டை போட அண்ணிதான் உன் கையைத் தூக்கி விடுறாங்க. அதப் பாத்து நான் சிரிச்சனா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அங்கே இருந்த எல்லார் முகமும் சொன்னது. அண்ணன் பணப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். கடைக்காரர் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் வெளியே போனேன்.

அண்ணன் நிறுத்தியிருந்த லாரி ஒன்றின் நிழலில் நின்றான். என் ஆட்கள் முன்னால் என்னை அம்மணமாக்கிவிட்டாய் என்றான். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தான். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெரிய கேமராவோடு வீட்டுக்கு வந்திருப்பேன்.

"தூக்கிக் காட்டுறதுக்கா எனக்குக் கேமரா?" என்றேன். "ஆட்டம் முடியற வரைக்கும் தூக்கியே வச்சிருக்கணும். அதுக்குத்தான்."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எப்போதிலிருந்து வலி என்று கேட்டான். மழைக்கு முன்னால் சிமெண்ட் லாரியை அவசரமாக இறக்கிய அன்றிலிருந்து என்றேன். அன்றைக்கு என்னை விரட்டி விரட்டி வேலை வாங்கியவன் அவன்தான்.

"வெளிச்சம் கம்மியானா சின்னதுல படம் கெட்டுப்போகும்னு கடைக்காரர் சொல்றாரே."

"கொஞ்சம் கெடும். அது என் பாடு."

"நல்ல பெரிசா வாங்கித் தந்தோம்னு நாலு பேர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"சின்னதா வாங்கித் தந்தோம்னு சொல்லு. வாய் வலிச்சிடாது."

உள்ளே போனவன், இத்துனூண்டுக்கா இந்த விலை என்று கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டான். அவர் சென்சார், லென்ஸ் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடைக்கு எடை பார்த்தால் இது அநியாயம் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றான். கடைசியில் தோல்பை ஒன்றை இலவசமாகப் பிடுங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பாதி ஆட்டத்தில் மேகம் கவிந்துவிட்டது. மங்கிய வெளிச்சத்தை ஈடுகட்டுகிற ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினேன், பிறகு இன்னும் ஏற்றினேன். திரையில் புற்களெல்லாம் மணலாகிக்கொண்டு வந்தன. தோள் வலித்தது, ஆனால் இருந்த இடத்தில் இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஓரத்திலிருந்து பந்து தூக்கி அடிக்கப்பட்டது. ஒருவன் எகிறித் தலையால் முட்டினான். கோல்கீப்பர் விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கேமரா என் கண்ணில்தான் இருந்தது.

ஆசிரியர் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, புள்ளி புள்ளியா இருக்கே."

"ஆமா சார். இருக்கு."

"அடுத்த தடவை பெரிய கேமராவா கொண்டு வர்றியா?"

"இதோடதான் வருவேன் சார். இன்னைக்கு கோல் விழும்போது கை மேல இருந்துச்சு. அடுத்த தடவையும் இருக்கும்."

வேறு யாராவது அந்தக் கோலை அனுப்பியிருக்கிறார்களா என்று தேடினார். ஒன்றிரண்டு வந்திருந்தன, துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக. எல்லாவற்றிலும் பந்து ஏற்கெனவே வலைக்குள் கிடந்தது. திரும்ப என் படத்துக்கு வந்தார். மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"கோல் போட்ட பையன் பேரு என்ன?" என்றார், படத்துக்குக் கீழே அடிக்க விசைப்பலகையில் கை வைத்தபடி.

சொன்னேன்.