ஏழு ஸ்டூல்களை நீக்கும் பரிந்துரை

எம்.பி.ஏ. இரண்டு வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: சாலோமி சித்தியின் ஸ்டூலைப் பிடுங்குவது எப்படி.

திருநெல்வேலி டவுணில், ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடை. சித்தி அங்கே சுடிதார் பிரிவில் பதினோரு வருடமாக நிற்கிறாள். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கும். கவுன்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. ஆள் வராத நேரத்தில் அதில் உட்காருவாள். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு எனக்கும் கூடப் படிக்கும் அய்மனுக்கும் எந்தக் கம்பெனியும் இடம் கொடுக்காதபோது, முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கித் தந்தவள் அவள்தான்.

நாலு நாள் செல்போனில் நேரம் வைத்து, யார் எவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று குறித்தோம். எங்கள் கைடு சிவசங்கரன் சார் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“நாலு நாள் நின்னு என்னவே கண்டுபிடிச்சீங்க?”

“துணி விக்காங்க சார்,” என்றான் அய்மன்.

“வெளங்கிரும். சும்மா இருக்க நேரம் எவ்வளவு?”

பன்னிரண்டு மணி நேரத்தில் ஒருவர் நாற்பது நிமிடம் உட்காருகிறார். சாரின் முகம் மலர்ந்தது. “அதான் வே! இருக்கைய நீக்கணும்னு எழுது. விற்பனை கூடும்னு போடு.”

“எவ்வளவு கூடும் சார்?”

“இருபதுன்னா பொய் மாதிரி இருக்கும். பதினெட்டு சதவீதம்னு போடு.”

போட்டேன். டைப் செய்தது என் பத்து விரல்தான். முதலாளிகள் கடைசிப் பக்கத்தில் சீல் குத்துவார்களே தவிர, ரிப்போர்ட்டைப் படிக்க மாட்டார்கள் என்பது எங்கள் துறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. இந்த அண்ணாச்சி படித்துவிட்டார்.

மறுநாளே கடையிலிருந்த ஏழு ஸ்டூலும் குடோனுக்குப் போயின. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சித்தி போன் செய்தாள்.

“ஏலே ஷிபின், நீ எழுதிக் குடுத்ததாமுல்லா? முதலாளி எங்கள வரிசையா நிக்க வச்சு வாசிச்சுக் காட்டுனாரு.”

“சித்தி, அது சும்மா மார்க்குக்கு...”

“மார்க்குக்கா? எங் கால வந்து பாரு, மார்க்கு போடு.”

அய்மனை இழுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, அந்தப் பதினெட்டு நாங்களா போட்டது. உண்மை கிடையாது.”

“ரெண்டு நாளா வியாபாரம் கூடியிருக்குலே!”

“பெருநாள் வருதுல்லா அண்ணாச்சி,” என்றான் அய்மன். “எங்க வீட்ல மட்டும் எட்டு சுடிதார் எடுத்திருக்கோம்.”

அவர் காதில் விழவில்லை. சந்தோஷத்தில் கடையின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமே கொடுத்தார்: “தங்கள் மாணவர்களின் பரிந்துரைப்படி ஊழியர்களின் ஏழு இருக்கைகளையும் நீக்கிவிட்டோம்.” கையெழுத்து, சீல், தேதி. அதைப் பார்த்து சிவசங்கரன் சார் துள்ளாத குறை. துறையின் சரித்திரத்தில் ஒரு ப்ராஜெக்டைக் கம்பெனி நிறைவேற்றியது இதுதான் முதல் தடவை.

“வைவாவுக்கு இந்த ஒரிஜினலக் கொண்டு வாங்க. முழு மார்க்.”

இரண்டாம் செமஸ்டரில் எங்களுக்கு வணிகச் சட்டம் எடுத்தவரும் இவர்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஐந்து மார்க் கேள்வி. நான் நாலரை வாங்கியிருந்தேன். அந்த நாலரையை நினைக்க நினைக்க எனக்கு என்னையே அறையலாம் போலிருந்தது.

வைவா அன்று காலை தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் என் புகாரையும் கடிதத்தின் ஜெராக்ஸையும் பார்த்தார்.

“நாளைக்கே கடைக்காரரு இத நான் எழுதலன்னு சொல்லிருவாரு. ஒரிஜினல் இருக்கா?”

ஒரிஜினல் அய்மன் பையில் இருந்தது. அவன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“லே, பதினோரு மணிக்கு வைவா. இதக் குடுத்துட்டு அங்கன எதக் காட்ட? எங்க வாப்பா சவூதில வெயில்ல நின்னு கட்டுன ஃபீஸுலே.”

குடுத்துரு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவன் ஜிப்பைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“நாலு நாளும் சித்தி எனக்குந்தான டீ வாங்கித் தந்தாவ. பிடி, நாசமாப் போ.”

அலுவலர் கடிதத்தை வாசித்தார். “இந்தப் பரிந்துரைய எழுதுனது யாரு?”

“நான்தான் சார்.”

“புகார் எழுதுனது?”

“அதுவும் நான்தான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “எம்.பி.ஏ.வா?”

“ஆமா சார்.”

அது போதும் என்பதுபோல் புகாரின் மேல் சீல் குத்தினார்.

வைவாவில் கடிதம் எங்கே என்றார் சிவசங்கரன் சார். சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

“இடம் குடுத்த கம்பெனி மேலயே புகாரா? எந்தப் பாடத்துல வே இத நடத்துனோம்?”

“ரெண்டாம் செமஸ்டர், வணிகச் சட்டம். நீங்கதான் சார் நடத்துனீங்க.”

இரண்டு பேரும் அடுத்த வருடம் மறுபடி ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்று எழுதிவிட்டார். அய்மன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

மறுவாரம் கடைக்கு ஆய்வுக்கு வந்தார்கள். ஸ்டூல்கள் குடோனிலிருந்து தூசியோடு வெளியே வந்தன. அன்று மத்தியானம் சித்தி போன் செய்தாள்.

“உக்காந்துட்டுதான் பேசுதேன்,” என்றாள். “ஆனா ஒம்மேல உள்ள கோவம் அப்படியே இருக்கு. இப்போதைக்கு வீட்டுப் பக்கம் வந்துராத.”

வைத்துவிட்டாள்.