கழற்றி மாட்டுகிற புகை

நாசில் உள்ளே போக மாட்டேன் என்றது. யமுனா ப்ளேன் இன்ஜினுக்குக் கீழே மல்லாந்து படுத்து, சைலன்ஸர் குழாயில் போட்டிருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரல் கனத்துச் செம்புக் குழாயான அந்த நாசிலைத் திருகிக்கொண்டிருந்தாள். ஷெட்டுக்கு நூறு கஜம் தள்ளி, காலனி வீட்டு வாசலில், அவளுடைய நைனா ரங்கையா புது வேட்டியில் பெஞ்சு மேல் படுத்திருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பல் விளக்கிக்கொண்டே செத்துப்போனார். வாய் கொப்பளிக்கக்கூட மாரடைப்பு அவகாசம் கொடுக்கவில்லை.

பெண் துக்கம் தாங்காமல் ஷெட்டுக்குள் போய் அழுகிறாள் என்று வெதுருகுப்பத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் பத்தாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ரங்கையா பெங்களூரில் ஒரு விமானத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் தகடு அடித்தவர். ஆள் குறைக்கிறோம், விருப்ப ஓய்வு வாங்கிக்கொள் என்றார்கள், விருப்பமில்லாமல் வாங்கிக்கொண்டார். கூட வேலை பார்த்தவர்கள் அந்தப் பணத்தில் பிளாட் வாங்கினார்கள். இவர் அலுமினியக் குழாய் வாங்கிக்கொண்டு பாலசமுத்திரத்துக்குத் திரும்பினார். அரசாங்கம் கொடுத்த ரெண்டு ஏக்கரா இருந்தது. புல்கூட முளைக்காத நிலம். விமானம் ஓடுவதற்கு அதைவிடச் சிறந்த நிலம் கிடையாது. ஆறு வருஷத்தில் ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்ன ப்ளேன் ஒன்று எழுந்து நின்றது. அதிகாரிகள் வந்து தட்டிப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், பறக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் காகிதத்தில் புகைக்கு இடமில்லை. அதனால்தான் ரங்கையா புகை விடும் சாமானைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தார். பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிய இருபது லிட்டர் கேன். சித்தூர் பழைய இரும்புக் கடையில் வாங்கிய கார் பம்ப். ஒரு ரப்பர் குழாய், ஒரு வால்வு, இந்த நாசில். கேனில் இருப்பது மெல்லிய மினரல் ஆயில். குழந்தைகளுக்குத் தலையில் தேய்க்கும் எண்ணெய்க்கு ஒன்றுவிட்ட அண்ணன். சூடான சைலன்ஸருக்குள் அது விழுந்தால் வெள்ளை வெளேர் என்று புகை வரும். "ஆபீசரு வந்தா, அவரு டீ குட்சி முடிக்கறதுக்குள்ள கழட்டி எட்த்துடலாம்" என்பார். பயணிகள் சீட்டில் கேன் இருந்தால் பயணி எங்கே உட்காருவது என்று யமுனா ஒரு தடவை கேட்டாள். "பழிவாங்கப் போறப்ப தொணைக்கு ஆள் இன்னாத்துக்கு?" என்றார்.

பழி பெரிய தெருக் கிருஷ்ணப்பா மேல். கிரானைட் காண்ட்ராக்டர். கல்லை வெட்டி ஜப்பானுக்கு அனுப்பி, அந்தக் காசில் இங்கே மூன்று மாடி வெள்ளை வீடு கட்டியவர். காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு நேர்வழி பெரிய தெரு. ஆனால் காலனிப் பிணம் அந்தத் தெருவில் போகக்கூடாது; கால்வாய்க் கட்டை என்கிற மண்கரை மேல்தான் போக வேண்டும். போன மழையில் ரங்கையாவின் அண்ணன் கங்கையாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது கட்டை சரிந்து, பாடையோடு சேற்றில் விழுந்தார். எடுத்துக் கழுவி, மறுபடியும் கட்டித் தூக்கிப் போனார்கள்.

அதற்கப்புறம் ரங்கையா கிருஷ்ணப்பாவிடம் போய் வழி கேட்டார். கிருஷ்ணப்பாவின் மகன் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. "மண்டபத்து மேல உன் ப்ளேன்ல பையன் பேர் போட்ட பேனர் கட்டி ஓட்டு. தெருவுல வழி உட்டா போச்சு" என்றார். ரங்கையா ஓட்டினார், ஏழு சுற்று. இறங்கி வந்தவருக்கு மண்டபத்தின் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் இலை போட்டார்கள். மறுநாள் வழியைப் பற்றிக் கேட்டதற்குக் கிருஷ்ணப்பா, "எந்த வழி?" என்றார்.

அன்று சாயங்காலமே ரங்கையா கார் பம்ப் வாங்க சித்தூருக்கு பஸ் ஏறினார்.

இன்று காலை பத்து மணிக்குக் கிருஷ்ணப்பா துக்கம் விசாரிக்கவும் வந்தார். காலனி முனையில் காரை நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கினார். "ரங்கையா சால மஞ்சி மனிஷி" என்று தெலுங்கில் நல்ல மனிதர் பட்டம் கொடுத்தார். அப்புறம் தமிழில், "ஆனா வழக்கம்னு ஒண்ணு கீதில்ல" என்றார். கண்ணாடி ஏறியது. அந்தக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோதுதான் யமுனா ஷெட் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சித்தப்பா வீராசாமி ஷெட் வாசலில் வந்து நின்றார். கிருஷ்ணப்பாவின் குவாரியில் டிரில் ஓட்டுகிறவர்.

"யமுனா, நாலு மணிக்கு எட்த்துடலாம்னு கீறோம். வந்து மொகம் பாத்துக்கம்மா."

"எந்தப் பக்கமா எட்த்துனு போறீங்க?"

அவர் தகரத்தைத் தடவினார். "கட்ட மேலதான். கயிறு கட்டிப் புட்ச்சிக்கினு போனா வுழாது."

"பெரியப்பாவுக்கும் கயிறு கட்டினுதானே போனீங்க?"

"அது வேற கயிறு."

"சித்தப்பா, உனுக்குக் கோவமே வராதா?"

"வரும்மா. கோவம் வந்தா நாளிக்கு இன்னா துன்னுவேன்?" என்றார் வீராசாமி. இன்ஜினுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த அவள் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் அம்மா வந்தாள்.

கடைசி அலங்காரம் முடிந்திருந்தது. பிறந்த வீட்டுச் சிவப்புச் சேலை, முகம் முழுக்க மஞ்சள், முழங்கை வரை கண்ணாடி வளையல், தலையில் கல்யாணப் பெண்ணுக்கு வைப்பதைவிட அதிகமாகப் பூ. சென்னம்மா அந்தக் கோலத்தோடு தரையில் குந்தி இன்ஜினுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"எங்க மே சொருவிக்கினு கீற?"

"குழாய் முனையில. இங்கதான் ஓட்ட கீதே."

"அது மொத போட்ட ஓட்ட. உங்க நைனா தப்பா போட்டுட்டாரு. அங்க வர்றதுக்குள்ள சூடு ஆறிப்பூடும். மேல, இன்ஜினுகிட்ட, நட்டு போட்டு அட்ச்சி வெச்சிக்கிறாரு பாரு. எண்ணெ காயாம கடுவு போட்டா வெடிக்குமா?"

யமுனா தடவிப் பார்த்தாள். இருந்தது. ஆறு வருஷமாக டார்ச் பிடித்தது, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது எல்லாம் அம்மாதான் என்று அப்போதுதான் உறைத்தது. நட்டைக் கழற்றியதும் நாசில் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

"கிளாம்ப இறுக்கு. இன்னும். தள்ளு, நீ இறுக்கறது பொட்டு வெக்கற மாரி கீது." வளையல் குலுங்கச் சென்னம்மா கையை உள்ளே விட்டு ஸ்பேனரை மூன்று திருப்பு திருப்பினாள். மஞ்சள் பூசிய கையில் கரி ஏறியது. "எவ்ளோ நேரம் நிக்கும் பொகை?"

"காத்து இல்ல. ஏழெட்டு நிமிசம் நிக்கும். அவன் மாடியில ஒரு வாரத்துக்கு எண்ண நாத்தம் போவாது. தொவச்ச துணி, வெள்ளப் பெயிண்ட்டு, எதுவும்—"

"அவன் மாடி கெடக்குது. தெரு நீட்டத்துக்கும் நிக்குமா?"

"நைனா அவன் ஊட்டு மேலதான்மா அடிக்கணும்னாரு."

"உங்க நைனாவுக்கு ஊடு ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும்." சென்னம்மா எழுந்து சேலையைத் தட்டினாள். "தெரு நீட்டத்துக்கும் அடி. மூணு வாட்டி, தாழ. இன்ஜின் காயறதுக்கு முன்னால தொறந்துடாத." வாசல்வரை போனவள் திரும்பினாள். "மோளத்த நிறுத்தச் சொல்லிட்டு வர்றேன்."

பத்தொன்பது மணி நேரம் யமுனா ஸ்டிக் பிடித்து ப்ளேன் ஓட்டியிருக்கிறாள், நைனா பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்க. காகிதத்தில் அத்தனையிலும் அவள் பயணி. இன்று பயணியின் சீட்டில் கேன் உட்கார்ந்திருந்தது, அது திட்டவில்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெண்டு ஏக்கராவின் கடைசிக் கல்லைத் தாண்டி ப்ளேன் எழும்பியது. ஏரிப் பக்கம் ஒரு பெரிய சுற்று சுற்றினாள். வெப்பமானியின் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, கிருஷ்ணப்பாவை நினைத்துப் பல்லைக் கடித்தாள்.

முதல் தடவை தென்னைகளை ஒட்டித் தாழ்ந்தாள். தெருவில் ஆட்கள் கையை நெற்றிக்கு வைத்து அண்ணாந்தார்கள். மூன்றாம் மாடியில் கிருஷ்ணப்பா டீ டம்ளரோடு நின்றிருந்தார். ரங்கையாதான் செத்துவிட்டாரே, பிறகு இது யார் என்கிற முகம். யமுனா வால்வைத் திறந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தபோது வீடு இல்லை.

இரண்டாம் தடவை தெருவின் அந்த முனையிலிருந்து வந்தாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. யாரோ மாட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். மழை பெய்து ஓய்ந்த காற்று அசையவே இல்லை. புகை மேலே போக மனமில்லாமல் கூரைகளுக்கு நடுவே இறங்கிப் படுத்தது. மூன்றாம் தடவையில் கேன் காலியானது. பம்ப் வெறுமனே உறுமிற்று. அணைத்தாள்.

நைனாவை வழியனுப்ப வேண்டுமென்று கால்வாய்ப் பக்கம் திருப்பினாள். கட்டையின் மேல் யாருமில்லை. உடைந்த இடத்தில் ஒரு கொக்கு நின்றிருந்தது. காலனியைப் பார்த்தாள். பெஞ்சு இருந்தது, பெஞ்சில் யாருமில்லை. மேளக்காரர்கள் மட்டும் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சுடுகாட்டு மேட்டில் பாடை இறங்கியிருந்தது. நடந்து வந்தவர்கள் எல்லோரும் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒருவர் கையில் காலிப் பூக்கூடையோடு நின்றிருந்தார். நிற்பதைப் பார்த்தால் வீராசாமி மாதிரி இருந்தது. அவர் பக்கத்தில், பெண்கள் யாரும் போகாத அந்த மேட்டில், சிவப்பாக ஒரு புள்ளி.

யமுனா பெரிய தெருவின் மேல் இன்னொரு தடவை வந்தாள், உயரத்தில், மெதுவாக. புகை ஓரங்களில் கிழிய ஆரம்பித்திருந்தது. தெருவில் ஆளில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. காலனி முனையிலிருந்து சுடுகாட்டு முனை வரைக்கும் மஞ்சள் சாமந்தி சிதறிக் கிடந்தது. கிருஷ்ணப்பா வீட்டு கேட்டுக்கு முன்னால் மட்டும், கொஞ்ச நேரம் நின்று போட்ட மாதிரி, கூடுதலாக.