இல்லாத இரு விரல்களுக்கு ஒரு கைப்பிடி

அரிசோனாவின் செம்புச் சுரங்கங்களில் ஒரு மனிதனின் மதிப்பு, அவனிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என் தங்கை ஐடாவின் கணவன் ஆர்வல் டீக்கிடம் எட்டு விரல்கள் மிச்சம் இருந்தன. தாது நொறுக்கும் ஆலையின் தோல்பட்டை, அவனுடைய வலக்கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மார்ச் மாதத்தில் எடுத்துக்கொண்டது. நிறுவனம் அவனை வேலையிலிருந்து எடுத்தது. வேலை இல்லாதவனுக்கு நிறுவனத்தின் வீடும் இல்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஐடாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அந்த வேளையில்தான் மேலாளர் ப்ரூவெட் தம் கருணையோடு வந்தார். வாயிற்காவலுக்கு ஆள் தேவை. சனிக்கிழமை காலை, பதினைந்து தப்படி தூரத்துப் பலகையில் ஐந்து குண்டுகளையும் பதித்துக் காட்டினால் வேலை, வேலையோடு வீடு. ரிவால்வர் நிறுவனத்தினுடையது. அது கையில் நிற்குமா நிற்காதா என்பது அவனவன் பாடு.

எட்டு மணி நேர வேலை கேட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் நாங்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாயிலில் திடீரென்று காவல் பெருகுவது யாரைத் தடுக்க என்பது எனக்குத் தெரியும். மேடையில் ஏறினால் ஒரு மணி நேரம் ஓயாத என் நாக்கு, தங்கையின் வயிற்றைப் பார்த்து ஊமையானது. ஆர்வலை நானே துப்பாக்கி பழுதுபார்க்கும் ஹால்வரின் கடைக்கு அழைத்துப் போனேன்.

அது பழைய மாதிரி ரிவால்வர். ஒவ்வொரு குண்டுக்கும், அதைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். வெடித்ததும் ஏர்ப்பிடி போல வளைந்த அதன் கைப்பிடி உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருளும். உருண்ட இடத்தில் சுத்தியல் கட்டைவிரலுக்குத் தானாக எட்டும். அந்த உருளலை ஓர் அளவில் நிறுத்துவது சுண்டுவிரல். அதை நீளக்கை உள்ளவர்கள் பிடிக்குக் கீழே மடித்து வைப்பார்கள். மற்றவர்கள் பிடியோடு சேர்த்து இறுக்குவார்கள். ஆர்வலுக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தது. கடையின் பின்புறம் அவன் சுட்ட முதல் குண்டிலேயே துப்பாக்கியின் வாய் வானத்தைப் பார்த்தது. இரண்டாவதில் அது கையை விட்டுத் தரையில் விழுந்தது.

"பாத்தியா மச்சான், வேலையும் இப்பிடித்தான் கையில நிக்க மாட்டேங்குது" என்று ஆர்வல் சிரித்தான்.

ஹால்வர் சிரிக்கவில்லை. பறவையின் தலை போலக் குட்டையாக உருண்ட பிடி ஒன்றை மாட்டிக் கொடுத்தார். இரு விரலுக்கு நீளம் போதும். ஆனால் அதன் உருட்சி ஈரச் சோப்பு போல வழுக்கியது. அடுத்தது, இலக்குப் போட்டிக்காரர்கள் விரும்பும் நிமிர்ந்த பிடி. அது உருளவில்லை, உதைப்பு முழுவதும் நேராக மணிக்கட்டில் இறங்கியது. ஆறாத தழும்பு பிளந்து இரத்தம் கசிந்தது. ஆர்வல் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை என்றான். முடியவில்லை.

அதன் பிறகே ஹால்வர் கீழ் இழுப்பறையைத் திறந்து, முக்கால்வாசி செதுக்கிய வாதுமை மரப் பிடி ஒன்றை எடுத்தார். நடுவிரல் படியும் இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பு. விரல்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மரமே மடிந்து உள்ளங்கையைத் தாங்கியது.

"கண்ண மூடிக்கிட்டு எடு தம்பி. கைய மாத்திப் பிடிக்காம கட்டைவிரல் சுத்தியலுக்கு எட்டுதான்னு மட்டும் பாரு. எட்டுச்சுன்னா அது உன் பிடி."

எட்டியது. ஆர்வல் கண்ணைத் திறக்காமலே நெடுநேரம் அதைப் பிடித்தபடி நின்றான். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவன் கை முழுமையாக இருந்தது அன்றுதான்.

"அண்ணே, அளவே எடுக்கல நீங்க. கண்ணாலயே அளந்துட்டீங்களா?" என்று கேட்டான். ஹால்வர் அரத்தை எடுத்து மிச்சத்தை இழைக்கத் தொடங்கினார். கூலிக்கு ஈடாக விறகு பிளந்து தரச் சொன்னார்.

சனிக்கிழமை ஐந்து குண்டுகளும் பலகையில் பதிந்தன. ஐடா அன்று பெட்டியில் கட்டியிருந்த பாத்திரங்களை மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

திங்கட்கிழமை வேலைநிறுத்தம். வாயிலுக்கு இப்புறம் நாங்கள் முப்பது பேர். அப்புறம் பித்தளை வில்லை அணிந்த ஆர்வல், அவனுக்குப் பின்னால் ப்ரூவெட். எங்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டிச் சுத்தியலை இழுத்து நிறுத்துமாறு ப்ரூவெட் ஆணையிட்டார். ஆர்வல் இழுத்தான். கை நடுங்கவில்லை, மணிக்கட்டு சாயவில்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு துப்பாக்கி உருளையின் ஆறாவது குண்டறையைத் திருப்பிக் கொண்டுவந்து சுத்தியலை மெல்ல இறக்கினான். தவறி வெடித்துவிடாமல் இருக்க, அந்த ஓர் அறையில் இங்கே யாரும் குண்டு போடுவதில்லை. சுத்தியல் அதன்மேல்தான் உறங்க வேண்டும். துப்பாக்கியைக் காவலர் மேசைமேல் வைத்தான். வில்லையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான்.

"என்னடா, கைக்கு ஒத்து வரலையா?" என்றார் ப்ரூவெட்.

"நல்லா ஒத்து வருதுங்க. அதான் பயமா இருக்கு."

ப்ரூவெட் கோபப்படவில்லை. தலையைத் திருப்பி, "டெல்மர்" என்று அழைத்தார். டெல்மர் ரஸ்க் ஜனவரியில் அதே பட்டையில் அடிபட்டவன், மூன்று பிள்ளைகள். தலை குனிந்தபடி வந்து மேசைமேல் இருந்ததை எடுத்தான். மாற்றிப் பிடிக்கத் தேவைப்படவில்லை. கட்டைவிரல் தானாகச் சுத்தியலுக்கு எட்டியது. ஆர்வலின் கைக்கென்று செதுக்கிய பிடி டெல்மரின் கையில், அவனுக்கென்றே செதுக்கியது போல அமர்ந்தது.

அன்று மாலையே ஹால்வரிடம் போனேன். அவர் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார். அதே புடைப்பு, அதே மடிப்பு. இன்னும் நான்கு பிடிகள் கிடந்தன.

"அந்தப் பட்டை யார் கையிலயும் வேற விரல எடுத்ததில்ல. அளவு எதுக்குப்பா?" என்றார். "புதுக்காவலுக்குன்னு போன மாசமே சொல்லி வச்சுட்டாங்க."

வேலைநிறுத்தம் பத்தொன்பது நாள் நீடித்தது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை, தேவைப்படவில்லை. பசி போதுமானதாக இருந்தது. ஆர்வலும் ஐடாவும் வற்றிய ஓடைப் படுகையில் கூடாரம் போட்டார்கள். பிறகு யூமா பக்கம் பருத்தி எடுக்கப் போனதாகக் கேள்வி. குழந்தை பிறந்ததா என்று கேட்டு எழுதிய கடிதம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

வேலை கொடுக்கக் கூடாதவர்களின் கறுப்புப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க வேண்டுமானால் எந்த இடம் கொடுத்தாலும் ஏற்கிறேன் என்று நான் கையெழுத்திட்டேன். ஆலையில் ஆர்வல் முன்பு நின்ற இடத்தைக் கொடுத்தார்கள். பட்டை என் வலக்கைக்கு அரைச்சாண் தள்ளி ஓடுகிறது. ஆலையை விட்டு வரும்போது வாயிலில் டெல்மர் நிற்கிறான். அவன் என் கையைப் பார்க்கிறான். நான் அவன் இடுப்பில் இருக்கும் வாதுமை மரப் பிடியைப் பார்க்கிறேன்.